நற்செய்தியும் நடுச்சுவரும்

காஞ்சி மாநகரின் தென்புறத்தே, பாலாற்றுக்கு அண்மையில், செவிலிமேடு என்றோர் ஊர். பட்டுக்கும் பக்திக்கும் பெயர்போன பதியின் ஓரத்திலே அடக்கமாக அமர்ந்திருந்து, இன்று மாநகராட்சி எல்லைக்குள் அடங்கிவிட்ட ஊர். அவ்வூரில் ஒரு கிணறு உண்டு. சாலைக் கிணறு என்பது அதன் பெயர்.

அந்தக் கிணற்றுக்கு வைணவர்கள் கூறும் கதை ஒன்று இருக்கிறது. இராமானுசர் இளைஞராக இருந்த காலத்தில், அவருக்குப் பாடம் சொன்ன யாதவப் பிரகாசரே மாணவனின் அறிவுக்கூர்மை கண்டு அழுக்காறு கொண்டார். காசி யாத்திரை என்று அழைத்துச் சென்று, வழியில் விந்தியக் காட்டிலே தீர்த்துக்கட்டத் திட்டமிட்டார். சேதி அறிந்த இளைஞர் தப்பினார். காட்டிலே ஒரு வேடனும் வேட்டுவச்சியும் வழித்துணையாயினர். அவர்கள் தண்ணீர் கேட்டனர். இளைஞர் கிணற்றில் நீர் முகந்து கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் அவர்களைக் காணோம், கண்ணெதிரே காஞ்சியின் கோபுரம்! அந்தக் கிணறுதான் சாலைக் கிணறு. அன்றுதொட்டு அதிலிருந்து நாள்தோறும் குடம் சுமந்து வரதராசர் கோயிலுக்கு நீர் கொண்டு சென்றார் என்கின்றனர்.

ஆண்டவன் வேடனாக வந்தான் என்பதை நாம் நம்பவில்லை. நம்பும்படி எவரையும் கேட்கவுமில்லை. ஆனால் கதை கட்டியவர்கள், தங்களை அறியாமலே, ஓர் அழகிய காட்சியைக் கட்டிவிட்டனர். மேல்சாதி இளைஞன் நீர் இறைக்கிறான். கீழ்சாதி வேடன் கை நீட்டிப் பருகுகிறான். கிணற்றடியிலே சாதி செத்துக் கிடக்கிறது! ஒரு கணம்தான். அடுத்த கணமே வேடன் மறைந்துவிடுகிறான். அவன் வேடனே அல்ல, பெருமாள் என்று கதை முடிந்துவிடுகிறது. உண்மை வேடன் ஒருவன் அக்கிணற்றண்டை வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கதை சொல்லவில்லை. ஊர் சொல்லும்.

இதே இராமானுசரைப் பற்றி வேறொரு கதையும் உண்டு. திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மறைபொருளை, எவருக்கும் சொல்லாதே, சொன்னால் நரகம் என்று எச்சரிக்கப்பட்டும், கோபுரத்தின் மீதேறி ஊரறிய உரைத்தார் என்பது அது. நரகம் எனக்கு, நன்மை ஊருக்கு என்பது அச்செயலின் பொருள். மந்திரத்தால் மாங்காய் விழாது என்பது நமக்குத் தெரியும். ஆனால், பூட்டி வைக்கப்பட்டதைப் பொதுவில் வைத்தானே ஒருவன், அந்தத் துணிவை நாம் போற்றத்தான் வேண்டும்.

போற்றலாம், ஆனால் அதே குருபரம்பரைக் கதைகளிலேயே வரும் காஞ்சிக் காட்சி ஒன்றையும் மறந்துவிடலாகாது. வரதருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்த திருக்கச்சி நம்பி பார்ப்பனரல்லர். அவரை இராமானுசர் உணவுக்கு அழைத்தார். தாம் வீட்டில் இல்லாத நேரத்தில் நம்பி வந்து உண்டு சென்றார். திரும்பி வந்து பார்த்தால், அவர் மனைவி எஞ்சிய உணவை அப்புறப்படுத்தி, நம்பி அமர்ந்த இடத்தைக் கழுவி, தலைமுழுகி நிற்கிறார்! பிற்காலத்தில் கோபுரத்தில் முழங்கவிருந்த செய்தி, முன்னதாகவே அடுக்களை வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டுவிட்டது. பின்னர் அவர் துறவு பூண்டார் என்கின்றனர். வீட்டைத் துறந்தார், சரி. வீட்டைக் கழுவச் சொன்ன விதி என்னவாயிற்று?

செவிலிமேட்டுக் கிணற்றடியில் நின்று நாம் இன்று ஆராய முற்படுவது வைணவத்தை அன்று. ஊரறிய உரைத்தல் என்பதையே தன் உயிர்மூச்சாகக் கொண்ட மற்றொரு மதத்தை. நம் இளைஞர்களிடம் இருசாராரும் வந்து கேட்கின்றனர். மதமாற்றம் தேசத்துக்கு ஆபத்து, நீங்களும் எதிர்க்க வேண்டாமா என்கிறார் ஒருவர். பாதிரிமார் பள்ளி திறந்தனர், அகராதி தந்தனர், ஆகவே அவர்களைக் குறைகூறலாமா என்கிறார் மற்றவர். இருவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. நற்செய்தி அறிவித்தல் என்று கிறித்தவம் கூறுகிறதே, அதன் பொருள்தான் என்ன? அது நற்செய்தியா என்று தீர்ப்பளிக்க வேண்டியவர் யார்? சொல்பவரா, கேட்பவரா?

சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

கிரேக்க மொழியிலே 'எவாங்கேலியோன்' என்றொரு சொல். நல்ல சேதி என்பதே நேர்ப்பொருள். போரிலே வெற்றி, அரண்மனையிலே பிள்ளைப்பேறு போன்றவற்றை ஊருக்கு அறிவிக்க அச்சொல் பயன்பட்டது. ஆசியா மைனரில் உள்ள பிரியேன் என்ற நகரிலே கிடைத்த, கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, உரோமப் பேரரசன் அகஸ்டசு பிறந்த நாளை உலகுக்கு நல்ல சேதிகளின் தொடக்கம் என்று பறைசாற்றுகிறது. ஆக, நற்செய்தி என்றால் அரசன் செய்தி. ஆள்பவன் வென்றான், ஆளப்படுபவனே மகிழ்ந்திடு என்ற செய்தி!

அந்தச் சொல்லைத்தான் கலிலேயாவின் தச்சன் மகனைப் பின்பற்றியவர்கள் பற்றிக்கொண்டனர். பேரரசனின் பிறந்தநாளைப் பாராட்டிய சொல், பேரரசின் ஆணையால் சிலுவையில் அறையப்பட்ட ஓர் ஏழையைப் பற்றிய சொல்லாயிற்று. இது சிறிய புரட்சியன்று. லூக்கா எழுதிய நூலின்படி, ஏசு தன் சொந்த ஊராம் நாசரேத்தின் தொழுகைக்கூடத்தில் எழுந்து படித்த பகுதி, ஏழைக்கு நல்ல சேதி, சிறைப்பட்டவனுக்கு விடுதலை, ஒடுக்கப்பட்டவனுக்கு மீட்சி என்று கூறுவது. அங்கே மதம் மாறுதல் பற்றிய பேச்சே இல்லை. மனிதன் நிலை மாறுவதுதான் பேச்சு. அதே நூல் தொகுப்பில், மத்தேயுவின் முடிவில், எல்லா நாட்டாரிடமும் சென்று அவர்களைச் சீடராக்கும்படி ஏவும் கட்டளையும் இருக்கிறது.

ஆகவே, தொடக்கத்திலேயே இரு பொருள்கள். ஒன்று: ஒடுக்கப்பட்டவன் நிலை மாறும் என்ற செய்தி. மற்றொன்று: நம் கூட்டத்தில் ஆள் சேர்க்கும் பணி. முதலாவதை நாசரேத் பொருள் என்போம். இரண்டாவதை எண்ணிக்கைப் பொருள் என்போம். கிறித்தவத்தின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை இவ்விரு பொருள்களின் இழுபறி என்றே கூறிவிடலாம். நம் நாட்டில் அந்த இழுபறி எவ்வாறு நடந்தது?

1706 சூலையில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார் சீகன்பால்கு என்ற செருமானிய இளைஞர். டென்மார்க்கு அரசன் அனுப்பிய முதல் சமயத் தூதர். வந்தவர் மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பர். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார்; 1715இல் அச்சாகி முடிந்தது. அவருக்கும் முன்னதாக, 1578இல், கொல்லத்திலே தமிழ் எழுத்துகளில் அச்சேறிவிட்டது 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூல். சதுரகராதி தந்த வீரமாமுனிவரும், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்து நம் இயக்கத்துக்கே ஓர் அடிக்கல் எடுத்துக் கொடுத்த கால்டுவெல்லும் இந்த வழியில் வந்தவர்களே. ஓலைக்குள் ஒளிந்துகிடந்த எழுத்தை ஊருக்குப் பொதுவாக்கிய அச்சுப்பொறிக்கு நாம் நன்றி கூறத் தயங்கவேண்டியதில்லை.

ஆனால், நன்றி வேறு; திறனாய்வு வேறு. சீகன்பால்கு மற்றொரு நூலும் எழுதினார். தென்னாட்டு மக்கள் வணங்கும் தெய்வங்கள் யாவை, அவர்கள் எண்ணம் யாது என்று மக்களிடமே கேட்டுக் கேட்டுத் தொகுத்த நூல். அதை 1713இல் செருமனியிலுள்ள ஆல் நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த தலைவர்கள் அச்சிட மறுத்தனர். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் கேள்வி. நூல் அச்சேறியது 1867இல். எழுதியவர் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து! சேதி சொல்ல அனுப்பினோம், சேதி கேட்கவா அனுப்பினோம் என்று தலைமை சினந்தது. சொல்பவன் கேட்கவும் வேண்டும் என்ற நாகரிகத்தை, அன்று வந்தவர் அறிந்திருந்தார், அனுப்பியவர் அறியவில்லை.

மொழியிலும் இந்த இழுபறி தெரிகிறது. 'எவாங்கேலியோன்' தமிழுக்கு வந்தபோது 'சுவிசேஷம்' ஆயிற்று. ஏழைக்கென்று பிறந்த சேதி, ஏழைக்குப் புரியாத வடசொல் போர்த்திக்கொண்டு வந்தது! தமிழிலே நல்ல என்ற சொல்லுக்குப் பஞ்சமா? செய்தி என்ற சொல்லுக்குத் தட்டுப்பாடா? மதம் என்றால் வடமொழி மணக்க வேண்டும் என்று இந்நாட்டு மேல்சாதியார் வகுத்து வைத்திருந்த வழக்கத்துக்கு வந்தவர்களும் பணிந்தனர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாம் திருவிவிலியம் 'நற்செய்தி' என்றே எழுதியது. தமிழியக்கம் அடித்த அடியின் ஓசை அந்த ஏட்டிலும் கேட்கிறது, மகிழ்கிறோம். எனினும், பழைய சொல் இன்னும் பல சபைகளில் கோலோச்சுகிறது.

சொல் தமிழாகிவிட்டது, செயல்?

மதுரையில் 1606இல் வந்து சேர்ந்த இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார். காய்கறி உணவு கொண்டார். பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்களே என்று வாதிட்டார். உரோமாபுரி 1623இல் அதை ஒப்பியது. மேல்சாதியார் வருவதற்காக வாயிற்படி தாழ்த்தப்பட்டது. ஆனால் அந்தப் படியில் ஒடுக்கப்பட்டவனுக்கு இடம் எது? அவனுக்குத் தனிக் குரு, தனி இடம் என்றாயிற்று. எண்ணிக்கைப் பொருள் வென்றது. நாசரேத் பொருள் வெளியே நின்றது.

தஞ்சையிலே வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்த பெருங்கவிஞர். சுவார்ட்சு பாதிரியாரிடம் வளர்ந்தவர்; சரபோசி மன்னருடன் பயின்றவர். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி' தமிழின் அரிய நூல்களில் ஒன்று. குறவஞ்சி என்ற வடிவத்தின் சிறப்பு என்ன? தலைவிக்கு நல்ல சேதி கொண்டுவருபவள் குறத்தி! மலையிலிருந்து கூடை சுமந்து வரும் எளியவள் வாயால்தான் நன்மை வெளிப்படும். அந்த வடிவத்தைத் தேர்ந்து, ஞானச் செய்தியைக் குறத்தி வாயில் வைத்தாரே கவிஞர், எத்துணைப் பொருத்தம்! நாசரேத் பொருளைத் தமிழ் இலக்கியம் தொட்ட இடம் அது.

ஆனால் அதே கவிஞர், 1829இல், 'சாதி திருத்தலின் பயித்தியம்' என்று ஒரு நூல் எழுதினார். கோயிலில் எல்லாரும் வேறுபாடின்றி அமரவேண்டும், ஒரே கிண்ணத்தில் பருகவேண்டும் என்று புதிய பாதிரிமார் வற்புறுத்தியபோது, அதை எதிர்த்து எழுதிய நூல். ஏட்டிலே குறத்தி சேதி சொல்லலாம்; இருக்கையிலே பக்கத்தில் அமரலாகாது! கவிதை கடந்த எல்லையைக் கவிஞர் கடக்கவில்லை. இலக்கியத் திறனாய்வாளர்கள் குறவஞ்சியின் சந்தத்தைப் புகழ்வர், நாமும் புகழ்வோம். ஆனால் இவ்விரு நூல்களையும் ஒருசேர மேசைமீது வைத்துப் பார்க்காத திறனாய்வு, பாதித் திறனாய்வே.

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதிக்கு இனி இடமில்லை என்று சுற்றறிக்கை விடுத்தார். விளைவு? தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறித்தவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலோ, சாதிக்கொரு பக்கமாக இரு பிரிவுகளோடு கோயிலே எழுந்தது. நடுவே தடுப்பு! தடுப்பு அகற்றப்பட்டது 1910இல். அகற்றியதை எதிர்த்து வழக்காடவும் ஆள் இருந்தது. பழங்கதை என்று தள்ளிவிடாதீர். 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரிலே, ஒரே மதத்தார் சாதியால் பிளவுண்டு மோதிக்கொண்டனர். ஒடுக்கப்பட்ட கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டனர்; அதை ஆதிக்கச் சாதிக் கிறித்தவர்கள் எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இரண்டாயிரம் ஆண்டு நற்செய்தி, எறையூரில் ஒரு தெருவைக் கடக்க இயலாமல் நின்றது!

காஞ்சி நெசவாளி இதைக் கேட்டால் என்ன கூறுவான்? அவன் தறியிலே கோர்வை என்றொரு வேலைப்பாடு உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஊடை நூலால் கோத்துக் கோத்து நெய்வது. இருவர் கை வேண்டும் அதற்கு. அப்படி நெய்த சேலை கிழிந்தாலும் கரை தனியே பிரியாது என்று அவன் மார்தட்டுவான். சொல் என்ற கரையைச் செயல் என்ற உடலோடு கோர்வை போட்டு நெய்தீரா, மேலே ஒட்டித் தைத்தீரா என்பதே அவன் கேள்வியாக இருக்கும்.

நியாயம் பேசுவோம், கோர்வை போட்ட இடங்களும் உண்டு. ஸ்காத்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவர்கள் அங்கே சேர்ந்திருப்பது தெரியவந்து, மேல்சாதி மாணவர்கள் பெருந்தொகையாக வெளியேறினர். வருமானம் போகும், பெயர் போகும், பள்ளியே போகலாம். அவர் அச்சிறுவர்களை வெளியே அனுப்ப மறுத்தார். அந்த மறுப்புத்தான் நற்செய்தி! அவர் மேடையில் பேசிய சமயச் சொற்பொழிவுகள் எத்தனையோ. அவற்றை நாம் அறியவேண்டிய தேவையில்லை. அந்த ஒரு மறுப்பு போதும். காஞ்சியில் இன்றும் அவர் பெயரால் பள்ளி நடக்கிறது.

இனி, காஞ்சி அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கே வருவோம். 1891இல் அதன் ஆட்சியர் ட்ரெமென்ஹீர், அங்கு வாழ்ந்த பறையர் மக்களின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். உழைக்க நிலம் இல்லை. குடியிருக்கும் மனைக்கட்டும் மிராசுதாரின் பிடியில். எதிர்த்து ஒரு சொல் பேசினால் குடிசை போகும் என்ற நிலை. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற சமயப் பணியாளர்களும் இதை எடுத்துரைத்து எழுதினர். 1892இல் அரசாணை பிறந்தது. தரிசு நிலங்கள் ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைக்கப்படலாயின. பிறர் வாங்கலாகாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிவது அதுவே.

இங்கேதான் அறிவுலகம் நின்று நோக்கவேண்டிய வேடிக்கை. ஒடுக்கப்பட்ட மக்கள் பாதிரியாரிடம் வந்து கேட்டதென்ன? எங்கள் மனைக்கட்டைக் காப்பாற்றுங்கள், எங்கள் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லுங்கள், மிராசுதார் அடித்தால் எங்கள் பக்கம் நில்லுங்கள் என்றனர். பாதிரிமாரில் பலர் முகம் சுளித்தனர். இது உண்மை விசுவாசமா, சோற்றாசையா என்று ஐயுற்றனர். மிராசுதாரும் அதையே கூறினார்: சோற்றுக்கு மதம் மாறுகிறான்! எதிரெதிர் முகாமினர் இருவரும் ஒரே குரலில் ஏழையை ஏசிய விந்தை அது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது, ஓங்கோலிலிருந்த கிளவ் என்ற அமெரிக்கப் பாதிரியார், பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியை ஒப்பந்தம் எடுத்துப் பட்டினி மக்களுக்கு வேலை கொடுத்தார். சோற்றுக்கு வந்தனர் என்ற பழி வரக்கூடாதென்று, பஞ்சம் தீரும்வரை ஞானமுழுக்கு அளிப்பதை நிறுத்தி வைத்தார். பஞ்சம் தணிந்த பின், 1878 சூலை 3ஆம் நாள், ஒரே நாளில் 2,222 பேர் முழுக்குப் பெற்றனர். பெரும்பாலோர் மாதிகர் குலத்தவர். சோறு நின்றபின்னும் வந்தனர்! எதற்காக? கஞ்சி ஊற்றியவன் தங்களைத் தொட்டான் என்பதற்காக. மண்வெட்டியை நீட்டியவன் தங்களை மனிதரென்று கண்டான் என்பதற்காக. மானத்துக்கும் வயிற்றுக்கும் இடையே வேலி போடுவது, வயிறு நிறைந்தவனின் தத்துவம். பசித்தவன் நிலம் கேட்பது மதத்தில் கலப்படமன்று. நாசரேத்தில் ஏசு படித்த பகுதிக்கு அவன் எழுதிய உரை அது!

அந்த உரை இரத்தத்தாலும் எழுதப்பட்டிருக்கிறது. 1994 அக்டோபர் 10. காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரக் கோரிச் செங்கற்பட்டில் மக்கள் திரண்டனர். காவல்துறை சுட்டது. வீழ்ந்தவர் இருவர். ஒருவர் பெயர் ஜான் தாமஸ். மற்றவர் பெயர் ஏழுமலை. பெயரிலே இரு மதம். கோரிக்கையிலே ஒரே நிலம். மதமாற்றம் நாட்டைப் பிளக்கிறது என்று கூவுவோர் செங்கற்பட்டுக்குச் சென்று அவ்விருவர் பெயரையும் சேர்த்துப் படிக்கட்டும்.

ஆம், மதமாற்றத் தடை பேசுவோர்க்கும் விடை கூறவேண்டும். 1977இல் உச்சநீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையன்று என்று தீர்ப்பளித்தது. 2002இல் தமிழகத்திலே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் கைவிடப்பட்டது. நாம் கேட்பது இதுதான்: மாற்றும் உரிமை பற்றி இவ்வளவு வாதாடுகிறீர், மாறும் உரிமை பற்றி ஏன் மௌனம்? கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவன், கிணற்றடியில் விரட்டப்பட்டவன், வேறு வாயிலைத் தட்டினால் மட்டும் உங்களுக்கு அவன்மீது உறவு பிறக்கிறதே! வெளியேறுபவனைத் தடுக்கச் சட்டம் தேடுவோர், வெளியேறச் செய்த வீட்டைத் திருத்த நாள் குறித்ததுண்டா? மாறியவனுக்குத் தண்டனையும் வைத்திருக்கிறது நாடு. 1950இன் தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணை இந்து மதத்தாருக்கே உரியதாக இருந்து, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறித்தவராகிய ஒடுக்கப்பட்டவனுக்கு விரியவில்லை. சேரி அவனை விடவில்லை; சலுகை மட்டும் விட்டுவிட்டது!

மாறும் உரிமைக்கு அரண் நிற்பதால், மதத்தின் கருத்துக்கும் அரண் நிற்கிறோம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நம்பாதவனுக்கு என்றும் அவியாத நெருப்பு என்று ஒரு கையிலே மிரட்டல், மறுகையிலே நற்செய்தி என்றால், அது எப்படி நற்செய்தியாகும்? கடன்காரன் வீட்டு வாயிலில் நின்று, கொடுத்தால் தப்பினாய் என்பதை நல்ல சேதி என்பாரா? 1927இல் இலண்டனில் பெர்ட்ராண்டு ரசல், தாம் ஏன் கிறித்தவரல்லர் என்று ஆற்றிய உரையில் நரகக் கோட்பாட்டைக் கடிந்தார். அவ்வுரையைச் சுயமரியாதை இயக்கம் தமிழில் தந்தது. இன்றோ, மேடை போட்டு, ஒளிவிளக்கு வைத்து, முடவர் நடப்பார், குருடர் காண்பார் என்று முழங்கும் கூட்டங்கள் வேறு! மாயத்தால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலேயே சட்டம் இருக்கிறது. மருந்தை நிறுத்திவிட்டு மன்றாட்டை நம்பி மாண்டவன் காதில் எந்தச் செய்தி நல்ல செய்தி? அதுவும் எண்ணிக்கைப் பொருளின் பிள்ளைதான். தலைகளை எண்ணுகிறது, தலைக்குள் என்ன நுழைந்தது என்று பார்ப்பதில்லை.

கத்தோலிக்கத் தலைவர் ஆறாம் பவுல், 1975 டிசம்பரில் நற்செய்தி அறிவிப்புப் பற்றி வெளியிட்ட மடலிலே, போதிப்பவரைவிட வாழ்ந்து காட்டுபவரையே இக்காலத்தவர் நம்புவர் என்ற கருத்தையும், ஒடுக்குமுறையிலிருந்து விடுதலை பெறுவதும் இப்பணியோடு இணைந்ததே என்ற கருத்தையும் வைத்தார். நாசரேத் பொருள் மீண்டும் தலைதூக்கிய இடம் அது. வரவேற்கிறோம். ஆனால் மடலின் முகவரி எறையூர் அல்லவா? அங்கே சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

தோழர்களே! பிறரை அளந்த கோலால் நம்மையும் அளப்பதே பகுத்தறிவு. நாமும் செய்தி சொல்லிகள்தாம். ஏடும் மேடையும் கொண்டு ஊர் ஊராகச் சென்றவர்கள்தாம். 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியதும் இதே செங்கற்பட்டில்தான். பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டங்களை வெட்டியெறிய அங்கே தீர்மானித்தனர். வெட்டியும் எறிந்தனர். தமிழ்நாட்டில் இன்று பெயரோடு சாதியை ஒட்டிக்கொள்ள நாணுகிறார்களே, அது நம் நற்செய்தி பெற்ற வெற்றி. 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது, அதுவும் வெற்றி.

ஆனால் பெயரிலிருந்து போன சாதி, பெண் கேட்கும்போது திரும்பி வருகிறதா இல்லையா? மேடையிலே சமத்துவம் பேசிவிட்டுக் கீழே இறங்கும் தோழன், தன் தெருவுக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள சுவரைக் கண்டும் காணாமல் நடக்கிறானா இல்லையா? 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியிலே மலம் கலந்திருந்ததே! நம் இயக்கம் ஒரு நூற்றாண்டை எட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நம் ஆட்சி நடந்த மண்ணில்! ஏசுவின் செய்தி எறையூரில் நின்றதென்றால், ஈரோட்டின் செய்தி வேங்கைவயலில் நின்றது. பாதிரியாரைப் பார்த்து நகைக்குமுன் இதை எண்ணி நாணிடவேண்டும்.

எனவேதான் கூறுகிறோம்: நற்செய்தி அறிவித்தல் என்பதன் பொருளை அறிவிப்பவன் எழுத முடியாது. கடைசியில் நிற்பவன் காதில் அது விழுந்து, அவன் கால் எந்தத் தெருவில் தடையின்றி நடக்கிறது, அவன் குடம் எந்தக் கிணற்றில் இறங்குகிறது என்பதுதான் அதன் பொருள். சுவர் நின்றால் சொல் பொய். சுவர் சாய்ந்தால், சொன்னவன் எந்த மதத்தானாயினும், மதமே இல்லாதவனாயினும், சொல் மெய்.

செவிலிமேட்டுக் கிணற்றுக்கே திரும்புவோம். அங்கே வேடனாக வந்தவன் கடவுள் என்று முடிகிறது பழைய கதை. ஆகவேதான் தண்ணீர் கிடைத்தது! நாம் எழுத வேண்டிய கதையில், வந்தவன் வேடன்தான், மறையமாட்டான், மறுநாளும் வருவான், தன் கையாலேயே நீர் இறைப்பான், தடுப்பார் எவரும் இரார். அந்தக் கதை நடந்தேறும் நாளில், அதை ஊருக்குச் சொல்லக் கோபுரத்தின்மீது எவரும் ஏறவேண்டிய தேவையிராது.